விதை வாங்கும் முன் மாடியைப் பாருங்கள்

மாடித்தோட்டம் போட ஆசை என்று வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "விதை எங்கே வாங்கினீங்க?" என்பதுதான். விதை எங்கேயும் கிடைக்கும், பத்து இருபது ரூபாய் சமாசாரம். நான் திருப்பிக் கேட்பது வேறு. உங்கள் மாடியில் வெயில் எந்தப் பக்கம், எத்தனை மணி வரை நிற்கிறது? தண்ணீர் நல்ல தண்ணீரா, உப்பா? இது என்ன மாதம்? வாடகை வீடு என்றால் ஓனர் சம்மதித்தாரா? இந்த நாலுக்கும் பதில் தெரிந்தால், என்ன விதைப்பது என்பது பாதி முடிவான மாதிரிதான்.

நாங்கள் இருப்பது மதுரையில். கீழே ஓனர், மேலே நாங்கள், அதற்கும் மேலே மொட்டை மாடி. துணி காயப்போடவும் வடாம் பிழியவும் மட்டும் ஏறிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது கீரை, புதினா, வெண்டை, கத்தரி, தக்காளி, சுரைக்கொடி, ஒரு எலுமிச்சை, ஒரு கொய்யா என்று ஓடிக்கொண்டிருக்கிறது. காய்கறிக் கடைப் பக்கமே போவதில்லை என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களை நம்பவும் மாட்டேன். ஆனால் கீரையும் கறிவேப்பிலையும் புதினாவும் காசு கொடுத்து வாங்கி வெகுகாலமாகிறது.

ஓனர் அம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்னது: "ஒழுகினா உங்க தலையிலதாம்மா ஒழுகும். ஆனா கம்பி துருப்பிடிச்சா செலவு என்னது." நியாயமான பேச்சு. மாடியைக் கெடுப்பதில் பாரத்தைவிட, காயாமல் கிடக்கும் ஈரத்துக்குத்தான் பங்கு அதிகம். செடிப்பையைத் தரையில் அப்படியே வைத்தால் அதன் அடிப்பக்கம் வருஷம் முழுக்க ஈரமாகவே இருக்கும். பாசி படியும். பிறகு வேர், பையின் ஓட்டை வழியாக இறங்கி, தட்டோடுகளுக்கு நடுவில் இருக்கும் இணைப்பைத் தேடிப் போகும். அதனால் எங்கள் மாடியில் எந்தப் பையும் தரையைத் தொடாது. பைக்கு இரண்டு செங்கல், நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியில் காற்று போக வேண்டும், விளக்குமாறும் போக வேண்டும். வாரம் ஒருமுறை பெருக்கி, ஓட்டையிலிருந்து வேர் எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்துவிடுவேன். மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை வைப்பது அதைவிட முக்கியம். ஐப்பசி மழையில் ஒரு கைப்பிடி சருகு போதும், குழாய் அடைத்து மாடி குளமாகிவிடும்.

பாரத்தையும் அடியோடு ஒதுக்கிவிட முடியாது. ஒரு கன அடி ஈர மண் 45 கிலோவுக்குக் குறையாது. ஆசைப்பட்டு மாடியில் செங்கல் அடுக்கி, வெறும் செம்மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். பழ மரம் வைக்கும் டிரம் போன்ற கனமான எதுவும் சுவரோரமாக, கீழே பீம் ஓடும் வரிசையில்தான் இருக்க வேண்டும். பீம் எங்கே ஓடுகிறது என்று பல வீடுகளில் உள்ளே நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாலே தெரியும். கீரைத் தொட்டி மாதிரி லேசானவை நடுவில் இருக்கலாம். பழைய வீடு, ஓட்டு வீட்டின் மேல் போட்ட தளம் என்றால் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

வெயிலைக் கணக்குப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். காலை ஏழு மணி, பத்து, ஒன்று, நாலு என்று மேலே போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டு நிழலும் விழும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தோம். காய்க்கிற செடிக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும். கீரைக்கும் புதினாவுக்கும் மூன்று நான்கு மணி நேரம் போதும். மதுரையில் வெயில் போதவில்லை என்கிற பிரச்சினை யாருக்கும் வராது, மிஞ்சிப்போவதுதான் தொல்லை. மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவர் சித்திரையில் ராத்திரி எட்டு மணிக்கும் சுடும். அதன் ஓரத்தில் கொத்தமல்லி வைத்தால் கருகித்தான் போகும். அங்கே வெண்டையும் மிளகாயும் இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடம்தான் எங்கள் மாடியிலேயே விலைமதிப்பான மனை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துபோகும், அப்போது கோடுகள் எல்லாம் மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, மண். ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மட்கிய தொழுவுரமோ ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இது போதும். நார்க்கழிவை வாங்கி அப்படியே கலக்கக் கூடாது. கடையில் செங்கல் மாதிரி அழுத்தி விற்கும் 5 கிலோ கட்டி ஊறினால் 60, 70 லிட்டருக்குப் பொங்கி வரும். ஊறிய தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும். அதில் உப்பு இருக்கிறது. பிழிந்து கொட்டிவிட்டு, மறுபடி ஊறவைத்து, நிறம் வெளுக்கும் வரை அலசினால்தான் நாற்று நிற்கும். அலசாத நார்க்கழிவில் இலை நுனி காய்ந்துபோனால் ஜனங்கள் உரம் பற்றவில்லை என்று இன்னும் உரத்தைப் போடுகிறார்கள். உப்புக்கு மேல் உப்பு.

தொழுவுரம் மட்கிவிட்டதா என்று மூக்கே சொல்லும். சாண வாடை அடித்தால் இன்னும் ஆறவில்லை. மழை பெய்த மண் வாசம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அத்தை வீட்டுக் குப்பைக்குழியிலிருந்து ஒரு மூட்டை வந்தது. அந்த மூட்டையில் வளர்ந்த செடிக்கும் கடையில் வாங்கிய உரத்தில் வளர்ந்த செடிக்கும் இருந்த வித்தியாசத்தை என் கணவரே கவனித்துச் சொன்னார். செடிகொடி என்றால் எட்ட நிற்கும் மனுஷன் அவர்.

பைகளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டைக்கு ஓரடி அகலம், ஓரடி உயரம். கீரைக்கு அரையடி ஆழமுள்ள அகலமான எதுவும். பெயின்ட் வாளி, உடைந்த குடம், பழைய பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் சரிதான், அடியில் ஓட்டை இருந்தால். மாடி வெயிலுக்கு மலிவான பிளாஸ்டிக் பை சீக்கிரமே நைந்து, தூக்கும்போது கையோடு கிழிந்துவரும். தோட்டக்கலைத் துறை பை, நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்த்து மாடித்தோட்டத் தளை (கிட்) என்று மானிய விலையில் அவ்வப்போது கொடுக்கிறது. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு, இருக்கும்போது வாங்கிக்கொண்டால் முதல் செலவு குறையும்.

முதலில் விதைக்க வேண்டியது கீரைதான். தக்காளி அல்ல. சிறுகீரை விதைத்த மூன்றாம் நாள், நான்காம் நாளே முளைத்துவிடும், ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வரும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த வேகம் வேண்டும். கீரை விதை கடுகைவிடப் பொடி. கையில் அள்ளித் தூவினால் ஒரே இடத்தில் குவிந்து விழும். அதனால் ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவுவது வழக்கம். மேலே மண்ணைப் போட்டு மூட வேண்டாம், கையால் லேசாகத் தடவிவிட்டால் போதும். தண்ணீரை வாளியால் ஊற்றாமல் கையில் அள்ளித் தெளிக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் பாதிப் பேருக்கு முளைக்காது. அவர்கள் விதைக்காரரைத் திட்டுவார்கள். விதைத்த அன்று சாயங்காலம் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கதை தெரியும். சிற்றெறும்பு வரிசை ஒன்று தொட்டியின் விளிம்பேறி இறங்கும். ஒவ்வொன்றின் வாயிலும் கறுப்பாக, பளபளப்பாக ஒரு கீரை விதை. செங்கல் சந்துக்குள் போய் விதையை வைத்துவிட்டு மறுபடி வரும். ஒரு ராத்திரியில் தொட்டி காலி. அத்தையிடம் போனில் சொன்னபோது சிரித்தார். "எறும்புக்கும் பங்கு வச்சிரு தாயி. ஒரு பிடி பச்சரிசி மாவைச் சுத்தித் தூவி விடு, அது அதைத் தூக்கிட்டுப் போகும்." ரவையும் சரிப்படும். எறும்பு மாவைச் சுமந்து முடிப்பதற்குள் விதை முளைவிட்டுவிடும். கூடவே ஈரச் சாக்கையோ செய்தித்தாளையோ மேலே போர்த்தி, முளை தெரிந்ததும் எடுத்துவிடலாம். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளிறி, நீண்டு, சாய்ந்துவிடும்.

சிறுகீரை, முளைக்கீரை என்றால் வேரோடு பிடுங்க வேண்டியது. அரைக்கீரையை இரண்டு விரல்கடை விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி தழைக்கும். ஆகவே இடம் குறைவாக இருப்பவர்கள் அரைக்கீரையையே போடலாம். கொடிப்பசலை ஒன்று போதும், வேண்டாம் என்றாலும் விடாது. பொன்னாங்கண்ணிக்கும் புதினாவுக்கும் விதை தேடி அலைய வேண்டாம். மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை, 1999-ல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்த சந்தை, அங்கே கட்டு வாங்கும்போது தண்டு முற்றியதாக, அடியில் வெள்ளை வேர் ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பொறுக்கிக்கொள்வேன். இலையைச் சட்னிக்கு ஆய்ந்துவிட்டு, தண்டை மண்ணில் படுக்கவைத்து லேசாக மூடினால் கணுவுக்குக் கணு துளிர்க்கும். புதினா அகலமான தொட்டியைத்தான் விரும்பும், ஏனென்றால் அது கீழே போவதைவிடப் பக்கவாட்டில் ஓடும். அதோடு வேறு எதையும் சேர்த்து வைக்காதீர்கள், நெருக்கியே கொன்றுவிடும்.

கற்பூரவல்லி, துளசி, தூதுவளை, வல்லாரை எல்லாம் சளிக்காலத்துக்கு ஆகும் என்று ஆளுக்கொரு தொட்டி. கற்பூரவல்லியைக் கொல்வதென்றால் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், வேறு வழியே கிடையாது. வல்லாரை நேர் எதிர், ஈரமும் நிழலும் போதாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கறிவேப்பிலை முதல் வருஷம் ஒன்றும் தராது. நின்ற இடத்திலேயே நிற்கும், பார்க்கிறவர்கள் "வாங்கின கடை சரியில்லை" என்பார்கள். அது உள்ளே வேர் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டாம் வருஷம் நுனியைக் கிள்ளிவிட்டு, புளித்த மோரைத் தண்ணீரில் நீர்த்து மாதம் ஒருமுறை ஊற்றினால் பக்கக் கிளை வெடிக்கும். இலையை ஒவ்வொன்றாக உருவாமல் ஈர்க்கோடு ஒடித்து எடுப்பது நல்லது.

கொத்தமல்லிதான் நிறையப் பேரை அழவைப்பது. மளிகைக் கடை மல்லியே போதும், ஆனால் முழு மல்லிக்குள் இரண்டு விதை இருக்கிறது. செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஒரு ராத்திரி ஊறவைத்து விதைக்க வேண்டும். முளைக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கீரை முளைத்த வேகத்தில் இதையும் எதிர்பார்த்து, மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்த்தால் போச்சு. அதைவிடப் பெரிய விஷயம், மாசிக்கு மேல் ஆவணி வரை மதுரை மாடியில் கொத்தமல்லி சரிப்படாது. முளைத்தாலும் இலை போடாமல் சட்டென்று பூத்துவிடும். கார்த்திகை, மார்கழி, தையில் போட்டுப் பாருங்கள், அதே விதை அடர்ந்து வளரும். கோடையில் அந்த இடத்தில் வெந்தயம் தூவிவிட்டால் நிழல்வலைக்குக் கீழ் எப்படியோ வந்துவிடும்.

மாதத்தை முதலிலேயே கேட்பது இதற்குத்தான். பட்டம் தவறினால் உரம், மருந்து, கவனிப்பு எதனாலும் ஈடுகட்ட முடியாது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது காட்டுக்குச் சொன்னது, மாடிக்கு அதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. ஆடிக்காற்று தரையில் அடிப்பதைவிட மாடியில் இரண்டு மடங்கு அடிக்கும், அதுவும் சூடான காற்று. இளநாற்றை அதில் நிறுத்தினால் வதங்கி ஒடியும். எனவே ஆடியில் கத்தரி, தக்காளி, மிளகாய் விதையைக் குழித்தட்டிலோ பேப்பர் கப்பிலோ போட்டு, காற்றுப்படாத மூலையில் வளர்த்து, ஆவணியில் பைக்கு மாற்றுகிறோம். ஐப்பசி மழை வருவதற்குள் செடி தடித்துவிடும். நாற்றை நடுவது சாயங்கால நேரமாக இருக்கட்டும். அடுத்த இரண்டு மூன்று நாள் பனை ஓலையோ பழைய முறமோ நிழலுக்கு வைக்கலாம்.

தக்காளியில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 நம் வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கிற ரகம், பழம் கொஞ்சம் தட்டையாக, புளிப்பாக இருக்கும், குழம்புக்கு அருமை. ஆனால் எந்த ரகமும் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுங்கினால் பூவை உதிர்த்துவிடும். பங்குனியில் "பூ நிறைய வருது, காய் நிக்கல, என்ன மருந்து?" என்று கேட்டால் மருந்து இல்லை. ஐப்பசியிலிருந்து மாசி வரை காய்க்கிற மாதிரி கணக்குப் பண்ணி விதைப்பதுதான் மருந்து. நாற்றை நடும்போது தண்டில் பாதியை மண்ணுக்குள் புதைத்தால் புதைந்த இடமெல்லாம் வேர்விடும், செடி உறுதியாக நிற்கும். கோடைக்கென்று வெண்டை, கொத்தவரை, கத்தரி இருக்கின்றன.

வெண்டை தொடக்கக்காரரின் நண்பன். விதையை ராத்திரி ஊறப்போட்டு நேரடியாகப் பைக்கு இரண்டு ஊன்றலாம், நாற்று வேண்டாம். ஒன்றரை மாதத்தில் பூக்கும். பூத்துவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும், இல்லாவிட்டால் நார்தான். நாலு செடி வைத்தால் ஒரு பொரியலுக்குக் கூடக் காய் சேராது. வெண்டை வைப்பதென்றால் பத்துப் பையாவது வையுங்கள், அல்லது வைக்காதீர்கள். கத்தரி அப்படியில்லை, நாலு செடி ஒரு சின்னக் குடும்பத்துக்குப் போதும். காய்த்து ஓய்ந்ததும் ஒரு முழம் விட்டு வெட்டி, உரம் வைத்தால் மறுதாம்பு விட்டு இன்னொரு சுற்றுக் காய்க்கும்.

தண்ணீர் ஊற்றுவதில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முதலில் விரல், பிறகு குவளை. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டு ஈரம் பட்டால் அன்றைக்கு அந்தப் பைக்குத் தண்ணீர் இல்லை. மதியம் ரெண்டு மணிக்கு இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்றுகிறவர்கள் நிறைய. அது வெயிலுக்குச் செடி செய்கிற தற்காப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கும் தொங்கினால்தான் தாகம். அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் காலை, மாலை இரண்டு வேளை. அப்போது 50 சதவீத நிழல்வலை கட்டி, மண்ணின் மேல் சருகோ தேங்காய் மட்டையோ பரப்பிவிட்டால் தண்ணீர்ச் செலவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறையும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கொஞ்ச நாளில் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். அதைச் சுரண்டி எடுத்துவிடுவோம். மழை பெய்தால் பைகளை மழையில் நன்றாக நனையவிட்டு உப்பைக் கழுவவிடுவோம். அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் மாடிக்குத்தான். ஆர்ஓ இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரை ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

பூச்சி வரும். வராத தோட்டம் கிடையாது. இலைக்கு அடியில் பார்க்கும் பழக்கம் இருந்தால் பாதிப் பிரச்சினை வரும்போதே தெரிந்துவிடும். காலையில் டம்ளர் காப்பியோடு மேலே போய், நாலு இலையைத் திருப்பிப் பார்ப்பது எனக்கு வேலையாகவே தோன்றுவதில்லை. கத்தரியின் நுனிக்குருத்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே தண்டுதுளைப்பான் புழு இருக்கிறது. அந்த நுனியை இரண்டு அங்குலம் கீழே வெட்டி, பிளந்து பார்த்தால் வெளிர் சிவப்பாக நெளியும். வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாக ஓடினால் அது மஞ்சள் நரம்புத் தேமல், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு வைத்தியம் இல்லை. அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மற்றவற்றுக்குப் பக்கத்தில் பூச்சி ஒட்டிக்கொள்ளும் பசை தடவிய மஞ்சள் அட்டை கட்டுங்கள். பிடுங்க மனசு வராமல் வைத்திருந்தால் வரிசை முழுக்கப் போகும்.

செடியின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சிக்கும் அசுவினிப் பூச்சிக்கும் வேப்பெண்ணெய் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும், தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் வந்து இலை கருகும். ஆகவே காதி சோப்புக் கரைசலில் எண்ணெயை விட்டு, பால் மாதிரி வெளுக்கும் வரை குலுக்கி, அப்புறம் தண்ணீர் சேர்க்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடிக்க வேண்டும். செடியில் எறும்பு ஏறுகிறது என்றால் மேலே எங்கேயோ மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். அது கசியும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும்.

கடையில் விற்கும் கடும் விஷத்தை வீட்டு மாடிக்கு ஏற்றாதீர்கள் என்பதற்கு, சாப்பிடுகிற பொருள் என்பதைத் தாண்டி இன்னொரு காரணமும் இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று மாநிலம் முழுக்க வெள்ளையாக அப்பியது பலருக்கு நினைவிருக்கும். மருந்தடித்து மாளவில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த கண்ணுக்கே தெரியாத சின்னக் குளவிகளை வளர்த்துவிட்ட பிறகுதான் அடங்கியது. அப்படி நமக்காக வேலை பார்க்கும் குளவியும் பொறிவண்டும் மாடிக்கும் வரும். விஷம் அடித்தால் முதலில் சாவது அவைதான். சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைத்த பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிப்பேன், செடி தெளிவாக இருக்கிறது. மற்றபடி வாரம் ஒரு புதுக் கரைசல் என்று பழம், முட்டை, மீன் எல்லாவற்றையும் ஊறல் போட்டு வீட்டை நாறடிக்கிற ஆர்வம் எனக்கு இல்லை.

கொடிகளில் சுரைக்காயைப் பற்றிச் சொல்ல வேண்டும். "பூவாப் பூக்குது, ஒரு பிஞ்சு நிக்கல" என்பதுதான் இதில் எல்லாருடைய புகாரும். முதலில் வருபவை எல்லாம் ஆண்பூ, நீளமான காம்பில் தனியாக நிற்கும். கொஞ்ச நாள் கழித்துத்தான் பெண்பூ வரும். அதன் இதழுக்குக் கீழே கட்டைவிரல் நகம் அளவுக்கு, ரோமம் படர்ந்த ஒரு குட்டிச் சுரைக்காய் ஒட்டிக்கொண்டிருக்கும். மொட்டை மாடி உயரத்துக்கு வண்டு வருவது குறைவு. தவிர, சுரைப்பூ மலர்வது பொழுது சாயும் நேரத்தில், காலைத் தேனீக்கு அது கிடைப்பதில்லை. ஆகவே ஆறு ஆறரை மணிக்கு ஒரு ஆண்பூவைப் பறித்து, வெள்ளை இதழ்களைப் பின்னால் மடித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுவேன். ஒட்டியிருந்தால் அடுத்த சில நாளில் பிஞ்சு தலைகவிழ்ந்து பருக்கத் தொடங்கும். ஒட்டாவிட்டால் மஞ்சளாகிச் சுருங்கிவிடும். பீர்க்கைக்கும் சாயங்காலம்தான். பூசணிக்கும் பாகலுக்கும் விடிகாலை. பிஞ்சு பிடித்ததும் பழைய நைலான் துணியாலோ செய்தித்தாளாலோ ஒரு உறை போட்டுவிட்டால் பழ ஈ குத்தாது.

பழம் என்றால் பொறுமை வேண்டும், பெரிய டிரம்மும் வேண்டும். நீல நிற டிரம்மைப் பாதியாக அறுத்தால் இரண்டு மரத்துக்கு ஆகும். விதை போட்டு முளைத்த எலுமிச்சைக்காக வருஷக்கணக்கில் காத்திருக்க முடியாது, ஒட்டுக்கன்றோ பதியனோ வாங்குங்கள். ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே துளிர்க்கும் எதையும் உடனே கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் அடிமரம் வளர்ந்து மேல்மரத்தை அமுக்கிவிடும். எலுமிச்சையின் இளந்துளிரில் காக்கை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள், அது நகரும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. பறவை ஏமாற வேண்டும் என்றே அந்த வேஷம். கொஞ்சம் வளர்ந்ததும் பச்சையாக மாறி இலையோடு இலையாகிவிடும், ஒரே நாளில் ஒரு கொப்பை மொட்டையடிக்கும். நான் அவற்றைப் பொறுக்கி, வேலியோரம் நிற்கும் நார்த்தை மரத்தில் விட்டுவிடுவேன். அந்த மரம் பெரிது, தாங்கும்.

கொய்யாவில் லக்னோ 49 ரகப் பதியன் வைத்திருக்கிறோம். காய்த்து முடிந்ததும் நுனிகளை வெட்டிவிட்டால் புதுக் கொப்பில் மறுபடி பூக்கும். வெட்டப் பயந்தால் மரம் உயரும், காய் அணிலுக்குத்தான். முருங்கையை மாடியில் வைக்கலாமா என்று கேட்பார்கள். முருங்கையிலும் பிகேஎம் 1 என்றே ஒரு ரகம் உண்டு. அதன் விதையைப் போட்டு, இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளி, அடிக்கடி வெட்டிக்கொண்டே இருந்தால் கீரைக்கு ஆகும். காய்க்கு ஆசைப்பட்டு உயரவிட்டால் ஆடிக்காற்றில் டிரம்மோடு சாயும். கீழே தெருவில் ஆள் நடக்கிற இடம் என்றால் வைக்கவே வேண்டாம்.

லாபமா என்றால் பணக்கணக்கில் முதல் வருஷம் நஷ்டம்தான். பை, நார்க்கழிவு, வலை, டிரம் எல்லாம் சேர்த்தால் அந்தக் காசுக்கு ஆறு மாதம் காய் வாங்கலாம். இரண்டாம் வருஷத்திலிருந்து செலவு குறையும். விலையேறும் ஐப்பசி, கார்த்திகையில் தக்காளி நம் மாடியில் இருந்தால் கொஞ்சம் ஈடாகும். அதற்கு மேல் கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன்.

ஊருக்குப் போகும்போதுதான் உண்மையான சோதனை. இரண்டு நாள் என்றால் கிளம்பும் முன் நிறைய ஊற்றி, பைகளை நிழலில் நெருக்கி வைத்தால் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஆள் வேண்டும். ஓனர் அம்மா இப்போதெல்லாம் தானே மேலே வந்து பார்த்துக்கொள்கிறார், பறித்துக்கொண்டும் போகிறார். அந்த ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் திருப்தி. ஆனால் யாரிடம் ஒப்படைத்தாலும் கற்பூரவல்லியையும் கற்றாழையையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, "இதுக்கு மட்டும் ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

விதை சேர்க்கிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டில் எஃப்1, ஹைபிரிட் என்று போட்டிருந்தால் அதிலிருந்து விதை எடுத்துப் பயனில்லை, அடுத்த தலைமுறை தாய்போல வராது. நாட்டு ரகம் என்றால் நோயில்லாத, முதலில் காய்த்த நல்ல செடியில் ஒரு காயைப் பறிக்காமல் விட்டு, துணியால் அடையாளம் கட்டிவிடுங்கள். வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது எடுக்க வேண்டும். கத்தரி மஞ்சளாகப் பழுத்து மெத்தென்றாக வேண்டும். பிசைந்து தண்ணீரில் போட்டால் சொத்தை விதை மிதக்கும், மூழ்கியதை எடுத்து நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, பாட்டிலில் போட்டு மேலே பெயரும் மாதமும் எழுதுங்கள். நீல நிற மூடி போட்ட எங்கள் பாட்டிலில் இப்போது இருப்பது அத்தை கொடுத்த முள்ளுக்கத்தரி, ஆடி பிறந்ததும் குழித்தட்டுக்குப் போக வேண்டியது.